மேகத்துக்கு எந்தப் பக்கம்

புரட்டாசி மாதத்துச் சாயங்காலம். மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது விமானச் சத்தம் கேட்டது. வாலாஜாபாத்தில் அது புதிதில்லை. கடல்காற்று ஏறிவிட்டால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் மேற்கேயிருந்து வந்து இறங்கும். ஒரகடத்துக்கு மேலாக வரிசை பிடித்துப் போகும். எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் வடக்கேயிருந்துதான் வரவேண்டும். அன்றைக்குத் தெற்கே, பாலாற்றுப் பக்கமாக வந்தது.

திரும்பிப் பார்த்தேன். வடக்கே சுங்குவார்சத்திரத்துக்கு மேலே ஒரு மேகம் எழுந்து நின்றது. அடி கறுத்து, நடு வெளுத்து, உச்சி மட்டும் கொல்லன் பட்டடை மாதிரி தட்டையாக மேற்கே நீண்டு எங்கள் ஊருக்கு மேல் வரை வந்திருந்தது. உள்ளே மின்னல். விமானம் அதற்கு இடம் கொடுத்து ஆற்றோரமாக ஒரு பெரிய வளைவு போட்டுக் கிழக்கே போயிற்று. பின்னாலேயே இன்னொன்றும் அதே வளைவில் வந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன். கீழேயிருந்து கேட்டான்: "என்ன பெரியப்பா, பிளேன் இந்தப் பக்கம் போவுது? வழி தப்பிட்டானா?"

"தப்பலப்பா. பார்த்துத்தான் போறான்."

அவன் குளிக்கப் போய்விட்டான். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என் உத்தியோக காலம் முழுவதும் அந்த வளைவைச் சுற்றித்தான் ஓடியது.

மீனம்பாக்கம் விமான நிலையத்து வானிலை அலுவலகத்தில் வேலை. வாலாஜாபாத் ஸ்டேஷனில் அரக்கோணத்திலிருந்து வரும் மீட்டர்கேஜ் வண்டியைப் பிடித்து, செங்கல்பட்டில் மாறி, மீனம்பாக்கத்தில் இறங்குவேன். இரவுப் பணி என்றால் முந்தின சாயங்காலமே போய்விட வேண்டும். பணி தொடங்கும் நேரத்துக்கு ரயில் கிடையாது. கையில் ஆயா கட்டிக்கொடுத்த புளிச்சோறு இருக்கும்.

முதலில் எனக்குக் கொடுத்த வேலை பலூன் விடுவது. அதை 'பைலட் பலூன்' என்போம். ரப்பர் பலூனில் ஹைட்ரஜன் அடைத்து, விடிவதற்கு முன்னால் திறந்த வெளியில் விடுவோம். வானம் தெளிவாக இருந்தால் வெள்ளை பலூன், மேகமூட்டமாக இருந்தால் சிவப்போ கறுப்போ. இருட்டில் விட்டால் கீழே ஒரு சிறு விளக்கைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தியோடலைட் என்ற தொலைநோக்கிக் கருவியில் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு முறை அது இருக்கும் கோணத்தைச் சொல்லவேண்டும்; இன்னொருவர் எழுதிக்கொள்வார். பலூன் எந்த வேகத்தில் ஏறும் என்பது தெரியும். எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை வைத்து, எந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். சில நாள் நல்ல உயரம் வரை கண்ணில் இருக்கும். சில நாள் ஏறிய சிறிது நேரத்தில் மேகத்துக்குள் போய்விடும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர். பலூன் மேகத்தில் மறைந்ததும் அடுத்த நிமிடத்துக் கோணத்தை உத்தேசமாக யாராவது சொல்லிவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். "பார்த்ததை எழுது. நினைச்சதை எழுதாதே. அதை நம்பி ஒருத்தன் நூறு பேரை வெச்சுக்கிட்டு மேல போறான்" என்பார். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வானிலை அலுவலகத்தின் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடிய பதிலும் அதுதான்.

அந்தக் காலத்தில் விமானிகள் நேரில் வருவார்கள். புறப்படும் முன் எங்கள் கவுன்டருக்கு வந்து, வழியில் காற்று எப்படி, எங்கே மழை, போய் இறங்கும் ஊரில் பார்வைத் தெளிவு எவ்வளவு என்று கேட்டு, கையால் வரைந்த படங்கள் அடங்கிய கோப்பைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார்கள். ஆவ்ரோ ஓட்டிய கேப்டன்கள்தான் எங்களை அதிகம் கேள்வி கேட்டவர்கள். மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்வந்த அந்தச் சின்ன விமானத்தால் மேகத்துக்கு மேலே ஏறிப் பறக்க முடியாது; மழைக்கும் மலைக்கும் நடுவில்தான் அதன் பாடு. ஜெட் விமானங்கள் வந்த பிறகு அந்தக் கவலை தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். தீரவில்லை. ஜெட் பறப்பது 35,000 அடியிலிருந்து 40,000 அடிக்குள். நம் ஊர் இடிமேகம் 50,000 அடியைச் சாதாரணமாகத் தாண்டும். மேலே ஏறித் தப்ப முடியாது, கீழே புகுந்து போகக் கூடாது. பக்கவாட்டில் சுற்றிப் போவது ஒன்றுதான் வழி. கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைலாவது, அதாவது 37 கிலோமீட்டராவது, விலகிப் போகவேண்டும் என்பது உலகம் முழுக்க விமானிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு.

ஒரு கேப்டன் இருந்தார். பெயர் வேண்டாம், விளம்பரம் பிடிக்காத மனிதர். கவுன்டருக்கு வந்ததும், "என்ன சார், மேற்கால எனக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்பார். மற்றவர்கள் போகும்போதுதான் வருவார்கள். இவர் திரும்பி வந்ததும் வருவார். தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, எங்கள் படத்தின் மேலேயே பென்சிலால் வட்டம் போடுவார். "நீங்க கடப்பாவுக்கு மேல போட்டது கடப்பாவுக்குத் தெற்கே நிக்குது. உச்சி இன்னும் ஏறிட்டிருக்கு. அடுத்த வண்டிக்குச் சொல்லிடுங்க." நாங்கள் தரையிலிருந்து ஊகிப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வட்டம் அடுத்த விமானியின் கோப்பில் ஏறும். இப்படி ஒருவர் பார்த்ததை இன்னொருவருக்குக் கொடுத்தே அந்தக் கவுன்டர் நடந்தது.

இந்தப் பழக்கம் டாட்டாவின் விமானத் தபால் சேவை ஆரம்பித்த நாளிலேயே தேவைப்பட்டது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய்க்கு வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் மதராசுக்குக் கொண்டுவந்தார். ஒற்றை இன்ஜின் புஸ் மாத் விமானம். வழிகாட்ட வானொலி கிடையாது, ராடார் கிடையாது, கண்தான். ஜூஹூவில் அவர்கள் இறங்கிய மண்தரை மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும் என்பதால், பருவமழை வந்ததும் தளத்தையே பூனாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். மழையோடு வம்பு செய்யாமல் தொழில் நடத்தலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்.

பயணிகளைக் காக்பிட்டுக்குள் அழைத்துக் காட்டும் வழக்கம் அப்போது இருந்தது. அந்தக் கேப்டன் ஒருமுறை கல்கத்தா போகும்போது, பயணியாக உட்கார்ந்திருந்த என்னை முன்னால் கூப்பிட்டுக்கொண்டார். சித்திரை மாதம். வங்காளத்தில் கால்பைசாகி என்கிற கோடைப் புயல்மழை அடிக்கும் காலம். ஒரிசாக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒரு மேகம். அதுவரை இடிமேகத்தை சிபி, சிபி என்று எத்தனையோ படத்தில் குறித்திருக்கிறேன். நேர் எதிரில், என் கண் மட்டத்துக்கு மேலேயும் கீழேயும் முடிவில்லாமல் நிற்கிற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொதிக்கிறது என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்புகள் உருண்டு உருண்டு மேலே ஏறின.

ராடார் திரையில் அது பச்சைத் திட்டாகத் தெரிந்தது. வலது பக்கம் வங்கக் கடலுக்கு மேல் திரை காலி. இடது பக்கம் தரை. அங்கே சின்னச் சின்ன மேகங்கள் இருந்தன. கடல் பக்கம் போனால் வழியும் குறைவு. ஆனால் அவர் கண்ட்ரோலிடம் இடது பக்கம் விலக அனுமதி கேட்டார். விமானம் சாய்ந்து தரைப் பக்கம் திரும்பியது. நான் கேட்காமலே சொன்னார்: "மேல்காத்து மேற்கேருந்து வருது. மேகத்தோட உச்சியைப் பிடிச்சுக் கடல் பக்கம் இழுக்குது பாருங்க. உள்ள இருக்கிற ஆலங்கட்டியை அந்த உச்சி அங்கதான் கொண்டுபோய்க் கொட்டும். காய்ஞ்ச ஆலங்கட்டி ராடார்ல சரியாத் தெரியாது. அது மழைத்துளியைத்தான் நல்லாப் பார்க்கும். காத்து வர்ற பக்கமாப் போகணும் சார். கொஞ்சம் தூரம் அதிகம், அவ்வளவுதான்."

அந்த மேகத்தைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது, திரையில் காலியாக இருந்த கடல் பக்கம் முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது.

இன்னொரு விஷயமும் அன்றைக்குச் சொன்னார். கனத்த மழை ராடார் அலையை விழுங்கிவிடும். மழைக்குப் பின்னால் இன்னும் பெரிய மேகம் இருந்தாலும் திரையில் கறுப்பாக, வழி திறந்திருப்பதுபோல் தெரியும். 1977 ஏப்ரலில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் ஏர்வேஸ் விமானம் ஒன்று அப்படி ஒரு இடைவெளியை நம்பி உள்ளே போனது. மழையும் ஆலங்கட்டியும் இரண்டு இன்ஜின்களையும் அணைத்துவிட்டன. நெடுஞ்சாலையில் இறக்கப் பார்த்தார்கள். தரையில் இருந்த 9 பேர் உட்பட 72 பேர் போனார்கள். அதைச் சொல்லும்போது கேப்டனின் குரலில் அந்த விமானிகள் மேல் குறை இல்லை. தெரிந்தவர்களின் சாவைச் சொல்கிற குரல்.

காற்று வரும் பக்கமாகப் போ என்பது சரி. ஆனால் சென்னையில் கணக்கு தலைகீழ். இது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. ஆனியிலிருந்து புரட்டாசி வரை நம் தலைக்கு மேல், 14 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. அதன் வலுவான பகுதி ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில்தான் இருக்கிறது. உலகத்துக்கு அதை 1950களில் விளக்கி எழுதியவர் நம் வானிலைத் துறை விஞ்ஞானி பி. கோடேஸ்வரம். கீழ்க்காற்றோ அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வீசும். அதனால் வேலூர், ஆர்க்காடு பக்கம் பகல் வெயிலில் பிறக்கும் இடிமேகம் சாயங்காலம் காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாகக் கிழக்கே நகர்ந்து கடல்காற்றோடு மோதிப் பெரிதாகும். உச்சி மட்டும் எதிர்த்திசையில், வந்த வழியே மேற்கே நீளும்.

எங்கள் ஆயாவுக்கு இது தெரிந்திருந்தது. கோடேஸ்வரத்தையும் தெரியாது, பலூனையும் தெரியாது. களத்தில் வேர்க்கடலை காயும்போது நான் அண்ணாந்து பார்த்து, "மேகம் அந்தாண்ட போவுது ஆயா, மழை வராது" என்றால், "மேல போறதப் பாக்காதடா. அது பொய்யி. கீழ ஓடுது பாரு, அதப் பாரு" என்பாள். சாக்கைத் தேடி எடுத்துக் கடலையை அள்ள ஆரம்பிப்பாள். அரை மணியில் மழை கொட்டும். ஐப்பசி பிறந்தால் அவள் பார்வை மாறும். ஈசானி மூலையில் மின்னினால் விடியற்குள் மழை என்பாள். அலுவலகத்தில் இரவுப் பணியில் அடிவான மின்னலைப் பதிவேட்டில் குறிக்கும்போதெல்லாம் அவளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊருக்கு ஈசானி மூலையில் இப்போது ஒரகடம் இருக்கிறது. இரவு முழுக்க அந்தப் பக்கத்து வானம் மஞ்சளாகவே இருக்கிறது. தூரத்து மின்னல் அதில் எளிதில் தெரிவதில்லை. கடலை காய்ந்த களங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. குவாரி லாரிகள் ஓயாமல் போகின்றன. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, வீட்டில் நாலு காசு வந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வானம் பார்ப்பதைக் கைபேசி எடுத்துக்கொண்டது. 2002இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் டாப்ளர் ராடார் வந்தபோது அதன் படத்தைப் பார்க்க நாங்கள் அலுவலகத்தில் முண்டியடித்தோம். இன்றைக்கு ஷிப்டு முடிந்து பைக் எடுக்கும் பையன் அதே படத்தைத் திறந்து, "சிவப்பு இன்னும் காஞ்சிபுரம் தாண்டல, போயிடலாம்" என்கிறான். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

விமானிகளும் கவுன்டருக்கு வருவதில்லை. வேண்டிய படங்கள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. நாங்கள் கையால் வரைந்ததைவிட எத்தனையோ மடங்கு துல்லியம். வழியில் பார்த்ததை வானொலியிலேயே சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் முன்னேற்றம்தான். ஆனாலும் பறந்துவிட்டு வந்தவரும் தரையில் நின்று பார்த்தவரும் ஒரே படத்தின் மேல் குனிந்து பேசிய அந்தப் பத்து நிமிடம் போய்விட்டது. அதை ஈடுசெய்யும் கருவி எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. பரந்தூரில் புதிய விமான நிலையம் வரப்போகிறது என்கிறார்கள். ஏரியையும் வயலையும் இழக்கப்போகிற ஏகனாபுரத்து மக்களின் துயரம் தனி. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும். ஒருவேளை அது கட்டப்பட்டால், அதில் அப்படி ஒரு கவுன்டருக்கு இடம் வைப்பார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் ஓடுதளத்தில் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து, நிலையத்தை மூடினார்கள். அந்த நாட்களில் பயணிகளை ஏற்றிப்போக அரக்கோணம் கடற்படைத் தளத்தைத் திறந்துவிட்டார்கள். அரக்கோணம் எங்கள் ரயில் பாதையின் மறுமுனை. ஊரே தண்ணீரில் நிற்க, விமானம் ஏற அரக்கோணத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டபோது விநோதமாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சல் நாளில் தரையைத் தொடப்போன ஒரு விமானம் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, இறங்காமலே மறுபடி மேலே ஏறிய காட்சியை எல்லோரும் கைபேசியில் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து காட்டினான். "பயமா இருக்கு பெரியப்பா, தப்பு பண்ணிட்டாங்களா?" என்றான். இறக்குவது சரிப்படாது என்று தெரிந்த நொடியில் மேலே ஏறுவதுதான் சரி. ஒவ்வொரு விமானியும் அதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்கிறார் என்றேன்.

அவனே பிறகு கம்பெனி வேலையாக டெல்லி போய்த் திரும்பியபோது, சென்னைக்கு மேல் சுற்றிச் சுற்றிவிட்டுப் பெங்களூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நடுராத்திரி வீடு வந்து சேர்ந்து, கோபத்தில் இருந்தான். உட்காரவைத்துச் சொன்னேன். போகிற ஊருக்கு வேண்டிய எரிபொருள், அங்கே முடியாவிட்டால் மாற்று ஊருக்குப் போக வேண்டியது, அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமிட வேண்டியது எல்லாம் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். அந்தக் கணக்கு தீரும் முன் முடிவெடுக்கவேண்டும். "உன்னைப் பெங்களூருக்குக் கொண்டுபோனவன் உனக்கு நல்லது பண்ணினவன்டா" என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: பெல்ட் போடும் விளக்கு அணைந்தாலும் இடுப்புப் பட்டையைக் கழற்றாதே. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மருக்கு மேல் குலுங்கியபோது, 5 நொடிக்குள் 178 அடி இறங்கியது. பட்டை போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஒருவர் இறந்துபோனார், விமானத்தைப் பாங்காக்கில் இறக்கினார்கள்.

அந்தக் கேப்டன் ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. இருந்தாலும் அவ்வப்போது போனில் பேசுவோம். 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் பதான்கோட் பக்கம் ஆலங்கட்டி மழையில் சிக்கியதே, அந்தச் செய்தி வந்ததும் அவரே கூப்பிட்டார். மூக்கு உடைந்த விமானத்தின் படத்தைப் பேத்தி காட்டியிருக்கிறாள். விவரம் எல்லாம் படித்துச் சொல்லச் சொன்னார்.

நான் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்டதை மெதுவாக, சத்தமாகப் படித்தேன். 36,000 அடியில் பறந்துகொண்டிருந்தார்கள். 220 பேருக்கு மேல் இருந்தார்கள். எதிரே மேகம். எல்லைப் பக்கமாக விலக அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. லாகூர்க் கட்டுப்பாட்டு நிலையத்திடம் கேட்டார்கள். பாகிஸ்தான் வான்வெளி நமக்கு மூடியிருந்த நேரம், மறுத்துவிட்டார்கள். திரும்பிவிடலாமா என்று பார்ப்பதற்குள் மேகம் நெருங்கிவிட்டது. உள்ளே மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் காற்று அடித்ததில் தானியங்கி விலகிவிட்டது, வேகம் காட்டும் கருவிகளை நம்ப முடியவில்லை. ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி என்ற கணக்கில் இறங்கியிருக்கிறது. கையாலேயே ஓட்டி வெளியே கொண்டுவந்து, ஸ்ரீநகரில் இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தப் பக்கம் விலகக் கேட்டாங்களாம்?"

"இடது பக்கம் சார். மேற்கே."

"மேல்காத்து?"

"மே மாசம். அங்க மேற்குலேருந்துதான் சார்."

"அப்போ சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த ரெண்டு பிள்ளைகளையும் விசாரணை முடியறவரைக்கும் யாரும் வாய்க்கு வந்தபடி பேசாம இருக்கணும். நீங்க யார்கிட்டயாவது பேசினா இதைச் சொல்லுங்க சார், காத்து வர்ற பக்கத்தைத்தான் கேட்டாங்கன்னு" என்றார்.